ஊருணிக் கரையும் ஹுத்ஹுத் கொண்டுவந்த செய்தியும்

 



இன்றைய ஜும்ஆவில் ஒரு மரத்தைப் பற்றிப் பேச நிற்கிறேன். பள்ளிவாசலில் மரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். அந்த மரம் இன்று இல்லை. அது இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. ஊரறிய நடந்த தவறை ஊர் கூடியிருக்கும் இடத்தில் சொல்லிவிடுவதே முறை.

நமது மையவாடியின் நிலை உங்களுக்குத் தெரியும். தென்புறச் சுவரிலிருந்து ஊருணிக் கரை வரை சீமைக் கருவேலம் அடைந்து கிடந்தது. பெற்றோரின் கப்ரு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல், முள்வேலிக்கு இப்பால் நின்றபடியே துஆ செய்துவிட்டுத் திரும்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். சென்ற ஆண்டு மழைக்கு முன் நடந்த ஒரு ஜனாஸாவில் சந்தூக்கைத் தோளில் சுமந்து சென்றவர்களில் இருவருக்குக் காலில் முள் ஏறியது. தோளில் மையித்து, காலில் முள். சந்தூக்கைக் கீழே வைக்கவும் முடியாது, காலை ஊன்றவும் முடியாது. அவர்களில் ஒருவருக்குப் புண் சீழ் வைத்து, பத்து நாள் வேலைக்குப் போக இயலாமல் இருந்தார்.

அதைக் கண்டு மனம் பொறுக்காமல் நம் மஹல்லா இளைஞர்கள் பதினைந்து பேர் ஒன்று சேர்ந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. எங்கெங்கே சீமைக் கருவேலம் நிற்கிறது என்று கைபேசியில் படம் எடுத்தார்கள். நோட்டில் கணக்கு எழுதினார்கள். முத்தவல்லி அவர்களின் அனுமதியும் கிடைத்தது. வேலை தொடங்குவதற்கு முந்திய நாள், லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில், ஒரு தம்பி என்னிடம் ஓடிவந்து கைபேசியை நீட்டி, "ஹஜ்ரத், ஊருணி ஓரத்தில் நிற்கும் இந்தப் பெரிய மரமும் அதுதானே?" என்று கேட்டார். முள்ளைப் பார்த்தேன், இலையின் சாயலைப் பார்த்தேன். இகாமத்துக்கு நேரம் ஆகிவிட்டது என்ற அவசரத்தில், "அதுதான், எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் பொக்லைன் வந்தது. மாலையில் நம் மோதினார், விழுந்து கிடந்த அந்த மரத்தின் பக்கத்தில் நின்று கொண்டிருந்தார். நான் போனதும், "ஹஜ்ரத், இது நாட்டுக் கருவேலம். என் வாப்பா காலத்திலிருந்து நிற்கிற மரம்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளாகப் பல் துலக்க அந்த மரத்தில்தான் அவர் குச்சி ஒடித்து வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அன்பானவர்களே! நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகளில் மரம் வெட்டுதல் தொடர்பாக இரண்டு செய்திகள் உள்ளன. மக்கள் நடக்கும் பாதையில் ஒரு மரம் தொல்லை தந்து கொண்டிருந்தது; அதை ஒருவர் வெட்டி அப்புறப்படுத்தினார்; அந்தச் செயலுக்காக அவர் சுவனத்தில் உலவுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டதாக அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது இடம் பெற்றுள்ளது. மற்றொன்று அபூதாவூதில் வருவது. இலந்தை மரத்தை வெட்டியவனுக்குக் கடுமையான எச்சரிக்கை அதில் உள்ளது. இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களிடம் இதன் பொருள் கேட்கப்பட்டபோது, வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழலுக்கு ஒதுங்கும் பாலைவன மரத்தை எவ்வித உரிமையுமின்றி வீணாக வெட்டுவோனைக் குறித்தே இது வந்துள்ளது என்று விளக்கினார்கள்.

இரண்டு செய்தியிலும் கையில் இருப்பது ஒரே கோடரி. ஒருவர் சுவனம் செல்கிறார். மற்றவருக்கு எச்சரிக்கை வருகிறது. எது தொல்லை தரும் மரம், எது நிழல் தரும் மரம் என்று அறியாதவன் கையில் கோடரி இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊருணிக் கரையில் பார்த்துவிட்டோம். அந்த இளைஞர்கள் மீது குற்றம் இல்லை. அவர்கள் கேட்டார்கள். கேட்கப்பட்டவன் பார்க்காமல் பதில் சொன்னான்.

இந்த இடத்தில்தான் சுலைமான் (அலை) அவர்களின் ஹுத்ஹுத் பறவை என் நினைவுக்கு வந்தது. அந்நம்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் தஆலா எடுத்துரைக்கும் அந்த வரலாற்றை மதரஸாவில் ஓதிய நாள் முதல் எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கோணத்தில் ஒருபோதும் சிந்தித்ததில்லை.

பறவைகளின் அணியைப் பார்வையிட்ட சுலைமான் (அலை) அவர்கள் ஹுத்ஹுதைக் காணவில்லை. தக்க காரணம் சொல்லாவிட்டால் கடும் தண்டனை என்று எச்சரித்தார்கள். சிறிது நேரத்தில் அப்பறவை வந்து சேர்ந்தது. தாங்கள் அறியாத ஒன்றை நான் அறிந்து வந்திருக்கிறேன், ஸபஃ நாட்டிலிருந்து உறுதியான செய்தி கொண்டு வந்திருக்கிறேன் என்று தெரிவித்தது. ஒரு பெண் அம்மக்களை ஆள்வது, அவளிடம் உள்ள வசதிகள், அவளது மாபெரும் அரியணை, அவர்கள் சூரியனுக்குச் சிரம் பணிவது என்று கண்டவற்றைக் கூறியது. எந்த ஊர், என்ன கண்டேன் என்பதெல்லாம் அந்தச் செய்தியில் தெளிவாக இருந்தன. ஜின்களும் மனிதர்களும் படைகளாக நின்ற ஒரு பேரரசின் அரசருக்குத் தெரியாத ஒன்று, ஒரு சின்னஞ்சிறு பறவையின் கண்ணில் பட்டது. அங்கே பறந்தது அதுதானே!

சரி, செய்தியைக் கேட்ட சுலைமான் (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? உடனே படையை அனுப்பவில்லை. சிறு பறவை தானே என்று அலட்சியமும் செய்யவில்லை. நீ உண்மை சொன்னாயா, பொய் சொன்னாயா என்று பார்ப்போம் என்றார்கள். ஒரு கடிதத்தைக் கொடுத்து அதே பறவையைத் திரும்ப அனுப்பி, சற்று ஒதுங்கி நின்று அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வருமாறு பணித்தார்கள். முதலில் ஒரு பார்வை. அதன் பின் சரிபார்க்க மறுபார்வை. நடவடிக்கை அதற்கும் பிறகு. நபியாகவும் அரசராகவும் இருந்த ஒருவர் இவ்வளவு நிதானம் காட்டினார்கள். உங்கள் இமாமோ இகாமத்துக்கு முன் கிடைத்த அரை நிமிடத்தில் ஒரு மரத்தின் ஆயுளை முடித்து வைத்தான்.

ஊடுருவும் அயல் தாவரங்கள் என்று இன்று அரசும் அறிஞர்களும் சொல்வது எதை என்பதைச் சற்று விளங்கிக் கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த செடிகள் எல்லாமே கெடுதி என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டு பிரியாணியில் விழும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா எல்லாம் அப்படித்தான். வந்த இடத்தில் மற்றவற்றோடு சேர்ந்து வாழ்ந்து பயன் தருவதை யாரும் குறை சொல்வதில்லை. வந்த இடத்தில் புல்லை முளைக்க விடாமல், நீர்நிலையை மூடி, மற்ற உயிர்களின் இடத்தையெல்லாம் தனதாக்கிக் கொள்வதைத்தான் ஊடுருவல் என்கிறார்கள். 2023ஆம் ஆண்டு பல நாட்டு அறிஞர்கள் கூடி வெளியிட்ட ஓர் அறிக்கை, மனிதர்களால் இடம் மாறிய உயிரினங்கள் 37,000க்கு மேல் என்றும், அவற்றில் கேடு விளைவிப்பவை 3,500க்கு மேல் என்றும் கணக்கிட்டது. பத்தில் ஒன்றுதான் கேடு செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சீமைக் கருவேலத்தின் பிறப்பிடம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வட பகுதி. 1870களில், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் வறண்ட பகுதிகளுக்கு இதன் விதைகள் கொண்டுவரப்பட்டன. நோக்கம் நல்லதுதான். மழையில்லா நிலத்தில் மக்களுக்கு விறகு கிடைக்கட்டும் என்று கொண்டுவந்தார்கள். பின்னர் வந்தவர்களும் அதே எண்ணத்தில் பரப்பினார்கள். விறகும் கிடைத்தது. இன்றும் நமது இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் ஏராளம். நம் மஹல்லாவிலேயே இந்த விறகை வெட்டி விற்றுப் பெண் பிள்ளைகளைக் கரை சேர்த்த தாய்மார்கள் உண்டு. அவர்கள் முன்னிலையில் இந்த மரத்தைச் சபித்துப் பேச எனக்கு நாக்கு எழாது.

ஆனால் இதன் தன்மை என்ன? நெற்று இனிப்பாக இருக்கும். ஆடும் மாடும் விரும்பித் தின்னும். அதன் விதை வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடும் சாணத்தோடும் வெளியேறி, போன இடமெல்லாம் முளைக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். ஒரு மரத்தை வெட்டிய இடத்தில் பல கிளைகள் புதராக எழும். வேர் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரைத் தொடும். அதன் அடியில் புல் வளர்வது அரிது. கண்மாயின் உட்புறத்தில் அடைந்துவிட்டால் தண்ணீர் வரும் வழியே தூர்ந்துபோகும்.

இதைப் பற்றி மிகையான பேச்சுகளும் உண்டு. பறவை இதில் கூடே கட்டாது என்று ஒரு பேச்சு கைபேசிகளில் உலா வந்தது. நம் மாவட்டத்துப் பறவைக் காப்பிடங்களுக்குப் போய்ப் பாருங்கள். இந்த மரத்தின் மீதே கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டியிருக்கும். கேடு செய்யும் ஒன்றைப் பற்றிக்கூட உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள், இல்லையேல் அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்ற கருத்தில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். மனிதர்களைப் பற்றிய செய்திக்கு வந்த எச்சரிக்கை அது. மரத்தைப் பற்றிய செய்திக்கும் அதைப் பொருத்திக் கொள்ள எனக்கு ஒரு மரம் தேவைப்பட்டது.

2017ஆம் ஆண்டு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக் கருவேலத்தை அகற்றும் பணியை விரைந்து முடிக்க உத்தரவிட்டது. மாவட்டம் மாவட்டமாக வேலை நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், அறிவியல் முறைப்படி ஆராயாமல் அகற்றுவது சரியா என்ற கேள்வி எழுந்து, உயர் நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்தது. பிறகு 2022இல் தமிழ்நாடு அரசு, ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் தனியாக ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றியதோடு விட்டுவிடாமல், அந்த இடத்தில் நாட்டு மரங்களையும் புல்லையும் மீட்டெடுப்பதும் அதில் அடங்கும். நாம் மையவாடியில் செய்ய மறந்ததும் அதைத்தான். பொக்லைன் போன இடம் வெற்றிடமாகக் கிடந்தது. முதல் மழைக்கே மீண்டும் சீமைக் கருவேலக் கன்றுகள் தலை காட்டிவிட்டன.

ஹுத்ஹுத் செய்தி கொண்டுவந்த அதே ஸபஃ நாட்டைப் பற்றி, அந்நாட்டின் பெயராலேயே அமைந்த வேறோர் அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்வதையும் இங்கே நினைவுகூர வேண்டும். வலமும் இடமும் இரு தோட்டங்களோடு வாழ்ந்த மக்கள் நன்றி மறந்தார்கள். அணை உடைந்து வெள்ளம் வந்தது. அந்தச் செழிப்பான தோட்டங்களுக்குப் பதிலாகக் கசப்பான காய்களும் சவுக்கைப் போன்ற புதர்களும் சில இலந்தை மரங்களுமே அவர்களுக்கு மிஞ்சின. ஒரு நிலத்தில் இருந்த நல்ல மரங்கள் போய் வேறு மரங்கள் வந்து நிற்பதையே அல்லாஹ் ஒரு சமூகத்தின் அடையாளமாகக் காட்டுகிறான். அந்த ஸபஃ இருந்த யமன் நாட்டில் இன்று நம் சீமைக் கருவேலமும் பரவி, அங்குள்ள விவசாயிகளுக்கும் தலைவலியாக இருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்கள் அங்கே காஃப் என்ற மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் அதைத் தன் தேசிய மரமாகப் போற்றுகிறது. அது வேறெதுவுமில்லை, நம்முடைய வன்னி மரம்தான். அங்கே தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியதை, ஊருக்கு வந்து முள்மரம் என்று வெட்டிவிடாதீர்கள்.

அப்படியானால் வேறுபாட்டை அறிவது எப்படி? சம்பவத்துக்குப் பிறகு மோதினாரிடம் மாணவனாக அமர்ந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் சிறு பந்து போல உருண்டையாக இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிர் மஞ்சளில் விரல் நீளத்துக்குத் திரி போலத் தொங்கும். நாட்டுக் கருவேலத்தின் காய் சாம்பல் பூத்து, விதைக்கு விதை இறுகி, கையில் எடுத்தால் தஸ்பீஹ் மணி கோத்தது போலவே இருக்கும். சீமைக் கருவேலத்தின் நெற்று அவரை போல நீண்டு, பழுத்ததும் மஞ்சளாகிவிடும். வன்னியின் முள் சிறியது. கிளையில் ஆங்காங்கே சிதறி நிற்கும், கணுவுக்குக் கணு ஜோடியாக இராது. தஸ்பீஹ் மணி போன்ற காய் அன்று அந்த மரத்தடியில் கூடை கூடையாக உதிர்ந்து கிடந்தது. நான் நூறடி நடந்து போய்ப் பார்த்திருந்தால் போதும்.

இனி ஒரு நல்ல செய்தியும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் என் தவறையே கேட்டுக் களைத்திருப்பீர்கள். நம் மக்தப் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுவன், சுமார் எட்டு வயது இருக்கும், இரண்டு மாதங்களுக்கு முன் உஸ்தாதிடம் வந்து, ஊருணியின் படித்துறை ஓரத்தில் ஊதாப் பூப் பூத்திருக்கிறது, அழகாக இருக்கிறது என்றான். உஸ்தாத் உடனே எதுவும் முடிவு செய்யவில்லை. பிள்ளையோடு போய்ப் பார்த்தார். படம் எடுத்தார். ஊரில் விவசாயம் அறிந்த ஒருவரிடமும், வேளாண்மை அலுவலகத்திலும் காட்டினார். இருவரும் ஆகாயத்தாமரை என்று உறுதி சொன்னார்கள். அன்று அது இரண்டு கூடை அளவுதான் இருந்தது. ஊராட்சியில் தெரிவித்துவிட்டு, இரண்டு பேர் இறங்கி வேரோடு அள்ளிக் கரையில் காயப் போட்டார்கள். ஒரு மாலை நேர வேலை.

தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையிலிருந்து பூவின் அழகுக்காக உலகெங்கும் கொண்டு செல்லப்பட்ட செடி இது. ஏற்ற தண்ணீர் கிடைத்தால் ஏறத்தாழ இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். இரண்டு கூடை நான்காகி, எட்டாகி, பதினாறாகும் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மூடிய தண்ணீருக்கு அடியில் வெளிச்சமும் காற்றும் குறைந்து மீன் சாகும், கொசு பெருகும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆறு மாதம் கழித்துக் கண்டிருந்தால் பெரும் பணம் செலவழித்திருப்போம். அப்போதும் முழுதாக ஒழிந்திருக்காது. ஒரு குழந்தை கண்டதைச் சொன்னதாலும், பெரியவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டதாலும் நம் ஊருணி தப்பியது. எத்தனையோ வீடுகளில் பிள்ளை ஒன்றைச் சொல்ல வந்தால், போய் ஓது என்று விரட்டிவிடுகிறோம்.

பார்த்தீனியம் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சாலையோரத்திலும் காலி மனையிலும் கேரட் இலை போல இலை விட்டு, வெள்ளைப் பூப் பூத்து நிற்பது அதுதான். 1950களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. அதைத் தொடுவதால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். அதன் மகரந்தம் மூச்சிரைப்பைக் கூட்டும். பூக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும், அதுவும் கையுறை போட்டுக் கொண்டு. வீட்டு வேலியில் அழகுக்காக வைத்திருக்கும் உண்ணிச்செடியையும் கவனியுங்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் யானைக்கும் மானுக்கும் புல் இல்லாமல் செய்த செடிகளில் அது முக்கியமானது. கடலிலும் இந்தக் கதை உண்டு. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற கடற்பாசி, நம் மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது படர்ந்திருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கடலில் இறங்கும் சகோதரர்களும் பாசி எடுக்கும் சகோதரிகளும் பாறைமீது புதிதாக ஏதேனும் படர்ந்திருக்கக் கண்டால் வாய் திறந்து சொல்லுங்கள்.

மையவாடி விஷயத்தில் பெரியவர்கள் சிலர் ஒரு சந்தேகம் கேட்டார்கள். கப்ரின் மீதுள்ள பசுமையை அகற்றலாமா, அது தஸ்பீஹ் செய்து கொண்டிருக்கிறதே, நாயகம் (ஸல்) அவர்களே இரு கப்ருகளின் மீது பச்சை மட்டையை ஊன்றினார்களே என்றார்கள். நியாயமான கேள்வி. நம் ஃபிக்ஹு நூல்களில் கப்ரின் மீதுள்ள ஈரப் புல்லைக் காரணமின்றிப் பிடுங்குவது விரும்பத்தக்கதல்ல என்று வந்துள்ளது. அந்தச் சட்டம் மதிக்கப்பட வேண்டும். எனவே கப்ருகளின் மேலுள்ள புல்லையும் சிறு செடிகளையும் யாரும் தொட வேண்டாம். ஆனால் வேர் இறங்கிக் கப்ரைப் பிளக்கும் மரமும், ஜனாஸா வரும் பாதையை அடைத்து முள் குத்தும் மரமும் தீங்கை நீக்குதல் என்ற வேறு சட்டத்தின் கீழ் வரும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. வக்ஃபு நிலத்தில் வெட்டிய மரத்தின் விலை வக்ஃபுக்குரியது. சென்ற முறை விறகு விற்ற பணம் முழுவதும் பள்ளிக் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. யாரும் வந்து பார்க்கலாம்.

இனி இதை எப்படிச் செய்வது என்று ஜமாஅத் நிர்வாகமும் இளைஞர்களும் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். சந்தேகப்படும் செடியைக் கண்டவர் முதலில் எதையும் வெட்டக் கூடாது. முழு மரம், இலை, பூ, காய், முள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்துக் கொள்ள வேண்டும். பிறகு அறிந்தவர் இருவரிடம் காட்ட வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் என்று ஒரு செயலி இருக்கிறது. படத்தை அதில் இட்டால் செடிகளை அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஒருவர் சொன்னால் போதாது. குறைந்தது இருவர் ஒத்துச் சொல்லி, கருத்துக் கூறியோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் உடன்பட்டால்தான் அந்தப் பதிவு ஆய்வுக்குத் தகுதியானதாக ஏற்கப்படுகிறது. சாட்சிக்கு இருவர் என்பது நமக்குப் புதிதா என்ன?

இருவரும் உறுதி சொன்ன பிறகு, பள்ளிக்குரிய இடமானால் முத்தவல்லியிடமும், கண்மாய், ஊருணி, சாலையோரம் போன்ற பொது இடமானால் ஊராட்சியிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டு வேலியில் கண்டால் அந்த வீட்டுக்காரரிடம் மென்மையாகச் சொல்லுங்கள். அனுமதியின்றி அடுத்தவர் எல்லைக்குள் கால் வைப்பதும், அவர் வீட்டுப் படத்தை எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதும் நமக்கு ஆகுமானதல்ல. கரிமூட்டக்காரர்களையும் விறகு வெட்டும் தாய்மார்களையும் இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறோம். எந்தக் கரையில் எது முளைத்திருக்கிறது என்று அவர்களைவிட அறிந்தவர் இந்த ஊரில் இல்லை. வெட்டும் வேலையும் விறகும் முதலில் அவர்களுக்கே. வக்ஃபுக்குரிய விலையை மட்டும் பள்ளிக் கணக்கில் கட்டினால் போதும்.

வருகிற ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் மையவாடியின் தென்புறத்தில் கூடுகிறோம், இன்ஷா அல்லாஹ். செருப்புக்குப் பதிலாகத் தடித்த அடி வைத்த ஷூ போட்டு வாருங்கள். சென்ற மழையில் முளைத்த சீமைக் கருவேலக் கன்றுகள் இப்போது முழங்கால் உயரம்தான் இருக்கின்றன; மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் கோடரி தேவைப்படாது. மோதினார் அவர்கள் வெட்டப்பட்ட அந்த மரத்தடியில் கிடந்த நெற்றுகளைப் பொறுக்கி, விதை எடுத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறார். அதில் ஏழு கன்றுகள் முளைத்து, பள்ளியின் கிணற்றடியில் நிற்கின்றன. அவற்றை எங்கே நடுவது என்று அவர்தான் இடம் காட்டுவார். எந்தக் கன்றைப் பிடுங்குவது, எதை விடுவது என்பதையும் அன்று அவரிடமே கேட்டுக் கொள்ளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம்.